ஆடியில் வேண்டாம், தையில் நடுங்கள்: காஷ்மீரத்து ஐரிஸ் கிழங்குகளை இடம் மாற்றுவது பற்றி

வாசகர் கேள்வி: வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையில் வசிக்கிறோம். என் கணவர் இராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஸ்ரீநகரிலிருந்து திரும்பும்போது ஊதா நிறத்தில் பூக்கும் ஐரிஸ் செடியின் கிழங்குகள் பத்தைக் கொண்டு வந்தார். மஞ்சள் நடுவதுபோல் கிணற்றடியில் நட்டோம். இலைகள் வாள்போல் நீண்டு அடர்ந்துவிட்டன. ஆனால் இதுவரை ஒரு பூவைக்கூடக் கண்டதில்லை. சென்ற ஐப்பசி மழையில் நடுவிலிருந்த சில செடிகள் சாய்ந்து, பிடுங்கியபோது நாற்றமடித்தன. ஆவணியில் அந்த இடத்தில் மதில் சுவர் கட்டப் போகிறோம். அதற்கு முன் ஆடியிலேயே பிரித்து வேறு இடத்தில் நட்டுவிடலாமா? காஷ்மீரத்திலும் அந்த மாதங்களில்தான் மாற்றி நடுவார்கள் என்கிறார் கணவர். பக்கத்து வீட்டு அக்கா, ஆழமாகப் புதைத்து நிறையச் சாணம் போடச் சொல்கிறார். இந்தச் செடி இங்கே பூக்குமா? ஏலகிரி அத்தனாவூரில் என் நாத்தனார் வீடு இருக்கிறது. அங்கே கொடுத்தால் பூக்குமா?

பதில்: அம்மையீர், நீங்கள் கேட்டவற்றுள் காலம் பற்றிய கேள்விதான் முதன்மையானது. மற்றவை பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். ஆடியில் கிழங்கைத் தோண்டி எடுக்கலாம். ஆனால் வேலூர்ப் பக்கத்தில் ஆடியில் அதை மறுபடி நிலத்தில் நடக் கூடாது. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழியும், உங்கள் கணவர் காஷ்மீரத்தில் கண்ட வழக்கமும் ஒரே மாதத்தைச் சுட்டுவது தற்செயலான பொருத்தமே. பழமொழி வரப்போகும் மழையை நம்பி விதைக்கச் சொல்கிறது. காஷ்மீரத்துத் தோட்டக்காரரோ அம்மாதங்களில் பெருமழை இல்லை என்பதனால் நடுகிறார்.

இதைச் சற்று விளக்க வேண்டும். உங்களிடம் இருப்பது தாடி ஐரிஸ் என்னும் வகை. பூவில் மூன்று இதழ்கள் மேல்நோக்கி நிமிர்ந்தும் மூன்று இதழ்கள் கீழ்நோக்கித் தொங்கியும் இருக்க, தொங்கும் இதழ்களின் நடுவில் தாடிபோல மயிர்க்கற்றை ஓடுவதால் அந்தப் பெயர். நாம் கிழங்கு என்று சொல்வது உண்மையில் தரையை ஒட்டிப் படுத்து வளரும் தண்டு. பாடநூல்கள் இதை மட்டநிலத்தண்டு என்று குறிப்பிடும். காஷ்மீரத்தில் இது ஏப்ரல், மே மாதங்களில் பூத்து முடிந்ததும், பூத்த துண்டின் பக்கங்களில் புதிய துண்டுகள் கிளைத்துத் தடிக்கும். ஒருமுறை பூத்த துண்டு மறுபடி பூப்பதில்லை. அடுத்த ஆண்டின் பூ முழுவதும் இந்தப் பக்கத் துண்டுகளில்தான் பிறக்க வேண்டும். ஜூலை தொடங்கி செப்டம்பர் வரை செடி ஏறக்குறைய ஓய்வில் இருக்கும். பீர் பாஞ்சால் மலைத்தொடர் தென்மேற்குப் பருவமழையைப் பெரிதும் தடுத்துவிடுவதால், அந்தப் பள்ளத்தாக்கில் அப்போது மண் நாட்கணக்கில் ஊறிக் கிடப்பதில்லை. வெட்டிய வாய் எளிதில் காய்ந்து மூடிக்கொள்ளும். பனி வருவதற்குள் புது வேர்கள் பிடித்துக்கொள்ளும். அங்கே அந்தக் காலம் சரியாக இருப்பதற்கு இவையே காரணங்கள்.

நம் வட ஆர்க்காட்டுப் பகுதியின் நிலைமை இதற்கு நேர்மாறானது. இங்கே தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழைகளும் கிடைக்கின்றன. ஆடியில் நட்டால், அறுத்த புண் ஆறுவதற்குள் ஆவணி, புரட்டாசி மழை பிடித்துக்கொள்ளும். வேர் ஓடத் தொடங்கும் நேரத்தில் ஐப்பசி, கார்த்திகை அடைமழை வந்து நிற்கும். வெப்பமான மண்ணும் தேங்கிய ஈரமும் சேரும் இடத்தில் மென்னழுகல் நோயை உண்டாக்கும் பாக்டீரியா மிக விரைவாகப் பெருகும். சென்ற ஐப்பசியில் உங்கள் கிணற்றடியில் நடந்ததும் இதுதான் என்று, நாற்றத்தைப் பற்றி நீங்கள் எழுதியதிலிருந்தே சொல்லிவிடலாம். பூஞ்சணத்தால் கெடும் கிழங்கு பெரும்பாலும் உலர்ந்து சுருங்கும். பாக்டீரியாவால் கெடுவது கூழாகி, மூக்கைப் பொத்திக்கொள்ளும்படி நாறும். இளம் வயதில் நானும் ஒரு நண்பர் கொடுத்த மூன்று கிழங்குகளை இப்படியே ஆடியில் நட்டு, கார்த்திகைத் தீபத்துக்குள் மூன்றையும் குப்பையில் கொட்டியிருக்கிறேன்.

எனவே இங்கே நடவுக்கு நான் பரிந்துரைக்கும் காலம் தை மாதத்தின் முற்பாதி. மழை விட்டிருக்கும், இரவு குளிர்ந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. அப்போது நட்டால் சித்திரை வெயிலுக்கு முன் வேர் பிடிப்பதற்கு மூன்று மாத அவகாசம் கிடைக்கும். மதில் சுவர் வேலை தைவரை காத்திராது என்பதால், ஆடிக் கடைசியில் தோண்டி, தை வரும்வரை தொட்டிகளில் தாழ்வாரத்தின் கீழ் வைத்துக் காப்பாற்றுவதே உங்களுக்குரிய வழி. நிலத்தில் நட்டால் மழையை நிறுத்த முடியாது. தொட்டியில் வைத்தால் எவ்வளவு நீர் சேர வேண்டும் என்பது உங்கள் கையில் இருக்கும்.

தோண்டுவதற்கு முன் ஒரு வாரம் நீர் விடாதீர்கள். மழை பெய்யாத இரண்டு மூன்று நாட்களைப் பார்த்துத் தொடங்குங்கள். மண்வெட்டியால் கொத்தாமல், கடப்பாரையைச் சற்றுத் தள்ளி இறக்கி, கொத்து முழுவதையும் அடியிலிருந்து நெம்பி எடுக்க வேண்டும். மண்ணை உதறி, நீரில் அலசி, கிழங்குகளைத் தெளிவாகப் பார்க்கும் நிலைக்குக் கொண்டு வாருங்கள். நடுவில் இலையே இல்லாமல் வற்றிக் கிடக்கும் பழைய துண்டுகளை எறிந்துவிடலாம். அவற்றின்மேல் இரக்கம் காட்ட வேண்டியதில்லை. ஓரங்களில் இருக்கும், கையால் அழுத்தினால் உறுதியாக உள்ள, விசிறிபோல் இலைக்கற்றை கொண்ட துண்டுகளே நமக்கு வேண்டியவை. ஒவ்வொரு துண்டையும் ஒரு விசிறியோடும், கட்டைவிரலைவிடச் சற்றுப் பருத்த கிழங்கோடும், கொஞ்சம் வேரோடும் வெட்டிப் பிரியுங்கள். கத்தியை ஒவ்வொரு கொத்துக்குப் பிறகும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைப்பது அவசியம். ஓர் அழுகிய கிழங்கை வெட்டிய கத்தி, நல்ல பத்துக் கிழங்குகளுக்கும் அந்நோயைக் கொடுத்துவிடும். இலைகளை ஏறக்குறைய ஒரு சாண் உயரத்துக்குக் கத்தரித்துவிடுங்கள். வேர் குறைந்த செடியால் அவ்வளவு இலைக்கும் நீர் கொடுக்க முடியாது, காற்றில் ஆடி நடவும் கலைந்துவிடும். வேலை செய்யும்போது கையுறை போட்டுக்கொள்வது நல்லது, ஏனெனில் இதன் சாறு சிலருக்கு அரிப்பை உண்டாக்கும்.

ஓரளவு அழுகிய துண்டைக் காப்பாற்ற நினைத்தால், பழைய கரண்டியால் கூழான பகுதியைச் சுரண்டி, வெள்ளையாக உறுதியான சதை தெரியும்வரை எடுத்துவிட வேண்டும். பிறகு, வீட்டில் தரை கழுவப் பயன்படும் ப்ளீச் திரவத்தில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நீர் சேர்த்து, பத்து நிமிடம் முக்கி எடுத்துக் கழுவுங்கள். நல்ல துண்டுகளுக்கு இது தேவையில்லை. லிட்டர் நீருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்னும் தாமிர மருந்து கலந்த கரைசலில் கால் மணி நேரம் வைத்தால் போதும். இயற்கை முறையில் செய்ய விரும்பினால் அதற்குப் பதிலாக லிட்டருக்கு 10 கிராம் சூடோமோனாஸ் தூளைக் கரைத்து நனைக்கலாம். ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யாதீர்கள். சூடோமோனாஸ் என்பதே உயிருள்ள நல்ல பாக்டீரியா, தாமிரம் அதையும் கொன்றுவிடும். மருந்துக் கடையில் இரண்டையும் சேர்த்துக் கட்டிக் கொடுப்பதைப் பார்த்திருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இந்த மருந்துகளையெல்லாம்விட முக்கியமானது உலர்த்துவது. பிரித்த துண்டுகளை நேர் வெயில் படாத, காற்றோடும் திண்ணையிலோ கயிற்றுக் கட்டிலிலோ, ஒன்றின்மேல் ஒன்று படாமல் மூன்று நாட்கள் பரப்பி வையுங்கள். வெட்டுவாய் காய்ந்து தோல்போல மூட வேண்டும். விதைக் கரும்பையோ வாழைக் கன்றையோ வெட்டியவுடன் நடும் பழக்கமுள்ளவர்களுக்கு இது வீண் தாமதமாகத் தோன்றும். ஐரிஸ் கிழங்கு தன்னுள்ளேயே உணவையும் நீரையும் சேமித்து வைத்திருப்பது. மண்ணுக்கு வெளியே சில வாரங்கள் கிடந்தாலும் சாகாது. அதை ஈரத்தோடு புதைப்பதுதான் ஆபத்து.

தொட்டி ஆழமாக இருப்பதைவிட அகலமாக இருப்பது நல்லது. அடியில் துளைகள் தாராளமாக இருக்கட்டும். செம்மண் இரண்டு பங்கு, பருமணல் இரண்டு பங்கு, நன்றாக மட்கிய எரு அரைப் பங்கு என்று கலந்துகொள்ளுங்கள். பாலாற்று மணல் இன்று கைக்கு எட்டாத பொருளாகிவிட்டதால், சுவர் வேலைக்கு வரும் எம்-சாண்டையே பயன்படுத்தலாம். ஆனால் அதிலுள்ள தூளை இரண்டு மூன்று முறை நீரில் கழுவி வெளியேற்றிய பிறகே கலக்க வேண்டும், இல்லையென்றால் அந்தத் தூளே இறுகித் துளைகளை அடைத்துவிடும். கிழக்குப் பார்த்த தாழ்வாரமாக இருந்தால் காலை வெயில் கிடைக்கும், மழைச் சாரல் மட்டும் அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகே நீர் விட வேண்டும்; ஐப்பசியில் பத்து நாட்களுக்கு ஒருமுறைகூடத் தேவைப்படாமல் போகலாம்.

இனி, ஆழம் பற்றி. பக்கத்து வீட்டு அக்காவின் யோசனை மஞ்சளுக்கும் சேனைக்கும் உரியது, அவற்றில் தவறில்லை. மஞ்சள், இஞ்சி ஆகியவற்றை மண்ணுக்குள் புதைத்தே பழகிய கை, இந்தக் கிழங்கையும் புதைக்கத்தான் நினைக்கும். உங்கள் செடிகள் மூன்று ஆண்டுகளாக இலையாகவே வளர்ந்ததற்கும் நடுப்பகுதி அழுகியதற்கும் ஆழமான நடவு ஒரு முக்கியக் காரணம். ஐரிஸ் கிழங்கின் முதுகு வெயிலைப் பார்க்க வேண்டும். குளிர்நாடுகளில் முதுகை முழுவதும் வெளியே தெரியும்படி விடுவார்கள்; நம் சித்திரை வெயிலில் அப்படி விட்டால் வெந்துபோகும் என்பதால், அரை அங்குல அளவுக்கு மணல் கலந்த மண்ணைத் தூவினால் போதும், அதற்கு மேல் கூடாது. குழிக்குள் சிறு மண்மேடு ஒன்றை எழுப்பி, எருமைமேல் உட்கார்ந்த சிறுவன் இரு பக்கமும் காலைத் தொங்கவிடுவதுபோல, கிழங்கை அதன்மேல் அமர்த்தி வேர்களை இரு பக்கமும் சரிய விட்டு, வேர்களை மட்டும் மண்ணால் மூடி அழுத்துங்கள். கிழங்கு எப்போதும் இலைவிசிறி இருக்கும் முனையை நோக்கியே நகர்ந்து வளரும். ஆகையால் விசிறிகளை வெளிப்புறமாகத் திருப்பி, ஒன்றுக்கொன்று ஒன்றே கால் அடி விட்டு நட்டால், மூன்று ஆண்டுகளுக்கு நெருக்கம் வராது.

தையில் நிலத்தில் நடும்போது இடத்தேர்வில் இரண்டு தவறுகளைத் தவிர்க்க வேண்டும். ஒன்று, பழையபடி கிணற்றடி. துணி துவைக்கும் நீரும் குளிக்கும் நீரும் ஓடிவரும் இடம் வாழைக்கும் கல்வாழைக்கும் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. மற்றது, புதிய மதில் சுவரை ஒட்டிய இடம். சுவர் கட்டும்போது விழும் சிமெண்டுக் கலவையும், சட்டி கழுவிய நீரும் சுவரடி மண்ணைக் காரமாக்கிவிடும். மேற்கு வெயில் பட்ட சுவர் இரவு வெகுநேரம் அனலைக் கக்கிக்கொண்டிருக்கும். சுவரிலிருந்து நான்கடியாவது தள்ளி, காலை வெயில் ஐந்தாறு மணி நேரம் விழுந்து பிற்பகலில் நிழல் வரும் இடமாகப் பாருங்கள். மேற்கே ஒரு முருங்கை நின்றால் அதன் சல்லடை நிழலே போதுமானது. பாத்தியை முக்கால் அடி முதல் ஓரடி உயரத்துக்கு மேடாக எழுப்பிக்கொள்ள வேண்டும். அடுத்த ஐப்பசியில் செடியைக் காப்பாற்றப் போவது அந்த மேடுதான்.

நீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேலூர் மாவட்டத்தில் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உப்பாக இருக்கிறது. உங்கள் தோட்ட மண்ணில் வெள்ளை படிவதையோ, இலை நுனிகள் கருகுவதையோ கண்டால், நீரையும் மண்ணையும் விரிஞ்சிபுரத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திற்கு எடுத்துச் சென்று காட்டி ஆலோசனை பெறுங்கள். சித்திரை, வைகாசியில் செடி வாடியதுபோல் தோன்றினாலும் தினமும் நீர் ஊற்றிவிடாதீர்கள். வாரம் ஒருமுறை, விடியற்காலையில், வேர் ஆழத்துக்கு இறங்கும்படி விட்டால் போதும். நடுப்பகலில் சூடேறிய மண்ணில் விடும் நீர், கிழங்கை அவித்துவிடும்.

சாணத்தைப் பொறுத்தவரை, பச்சைச் சாணம் அறவே வேண்டாம். யூரியாவும் வேண்டாம். தழைச்சத்து மிகுந்தால் இலை கொழுத்து, சதை மிருதுவாகி, அழுகலுக்கு விருந்தாகும். செடிக்கு ஒரு தேக்கரண்டி சூப்பர் பாஸ்பேட்டை நடவின்போது அடிமண்ணில் கலப்பது போதும்.

பூக்குமா என்ற கேள்விக்கு வருகிறேன். ஆறுதலுக்காக மழுப்பிச் சொல்ல விரும்பவில்லை: கம்மவான்பேட்டையில் இது பூப்பதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. தாடி ஐரிஸ் வகைகளில் பெரும்பாலானவற்றுக்கு மொட்டு உருவாவதற்குப் பல வாரங்கள் நீடிக்கும் கடுங்குளிர் தேவை. ஸ்ரீநகரில் குளிர்காலத்து இரவுகள் உறைநிலைக்குக் கீழே செல்லும். வேலூரில் மார்கழி இரவுகூடப் பொதுவாக 17, 18 டிகிரி செல்சியஸ் அளவில்தான் நிற்கிறது. வளர்ப்பில் எவ்வளவு கவனம் காட்டினாலும் அந்தக் குளிரை நம்மால் கொடுக்க முடியாது. ட்யூலிப் குமிழ்களைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துப் பூக்க வைப்பதுபோல இதையும் செய்யலாமே என்று சிலர் கேட்பதுண்டு. இலையோடு வெளிச்சத்தில் இருக்க வேண்டிய இந்தச் செடியைக் காய்கறிகளுக்கிடையே இருட்டில் அடைத்து வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை, பூசணம்தான் மிஞ்சும். காஷ்மீரத்துக் கல்லறைத் தோட்டங்களில் ஐரிஸ் பரவலாக நிற்பதை உங்கள் கணவர் கண்டிருப்பார். கல்லறைகளில் நடப்படும் ஐரிஸ்களுள் வெள்ளைப் பூப்பூக்கும் அல்பிகன்ஸ் என்ற ஒன்று ஏமன், சவூதி அரேபியப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்டது. அது விதை தராதது, மனிதர்கள் கிழங்கைக் கையோடு எடுத்துச் சென்றதனாலேயே நாடு நாடாகப் பரவியது. வெப்பத்தை ஓரளவு பொறுக்கும் அந்த வகையாக இருந்திருந்தால் நம்பிக்கை சற்றுக் கூடியிருக்கும். ஊதாப் பூ என்று நீங்கள் எழுதியிருப்பதால் உங்களுடையது அதுவன்று.

ஏலகிரி உங்கள் ஊரைவிட மேலான இடம். ஆனால் அதையும் மிகைப்படுத்தி எண்ண வேண்டாம். ஏலகிரி 1,000 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட உயரத்தில்தான் இருக்கிறது. உதகையின் உயரம் ஏறக்குறைய 2,240 மீட்டர். ஆகவே அத்தனாவூரில் செடி கோடையை எளிதாகத் தாங்கும், அழுகல் குறையும். ஏதோ ஒரு குளிர் மிகுந்த ஆண்டில் ஒன்றிரண்டு பூத்தண்டுகள் எழும்பினால் அது உங்கள் நாத்தனாரின் நல்வாய்ப்பு. நீலகிரியிலோ கொடைக்கானலிலோ உறவினர் இருந்தால் அங்கே சில துண்டுகளை அனுப்புவதே பூவைக் காண்பதற்கு அதிக வாய்ப்புள்ள வழி. நானாக இருந்தால் உறுதியான துண்டுகளை மூன்று பங்காக்கி, ஒரு பங்கை ஏலகிரிக்கும், ஒரு பங்கை அதற்கும் உயர்ந்த மலைக்கும் கொடுத்துவிட்டு, மூன்றாம் பங்கை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்வேன். பூக்காவிட்டாலும் அந்த நீலம் பாரித்த வாள் இலைகள் தோட்டத்துக்கு அழகுதான். கணவர் சுமந்து வந்த பொருள் என்பதையும் கணக்கில் கொள்ளத்தானே வேண்டும். வேலூர் வெயிலிலேயே ஐரிஸ் குடும்பத்துப் பூவைப் பார்க்க ஆசையிருந்தால், பிளாக்பெர்ரி லில்லி என்று நாற்றங்கால்களில் விற்கும் செடியை வாங்கி நடுங்கள். ஆரஞ்சு நிறத்தில் சிவப்புப் புள்ளியிட்ட பூ. இலை இதைப் போலவே விசிறியாக விரியும். மொட்டு வைக்க நம் செடியைப்போலக் கடுங்குளிர் கேட்பதில்லை.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. ஐரிஸ் கிழங்கு உண்ணத்தக்கதன்று. தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும், ஆடுமாடுகளுக்கும் ஆகாது. உலர்த்துவதற்காகத் திண்ணையில் பரப்பும்போது வெள்ளாடு வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியமாக, இலையாலும் கிழங்காலும் இது வசம்புச் செடியை மிகவும் ஒத்திருக்கும். பேர் சொல்லா மருந்து என்று வசம்பைக் குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கும் வழக்கமுள்ள வீடுகளில், காய்ந்த ஐரிஸ் துண்டு அஞ்சறைப் பெட்டிக்குள் போய்விட அதிக நேரம் ஆகாது. தேர்ந்தெடுத்த துண்டுகளைத் திண்ணையில் எண்ணிப் பரப்பி, தொட்டிக்குள் வைக்கும்போது மறுபடி எண்ணிக்கொள்ளுங்கள். கழித்த துண்டுகளை எருக்குழியில் போடாமல், தெருவில் எறியாமல், ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.